ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது: பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் பூங்காவான வரலாறு

வீட்டு வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் ஒரு தலைநகரம். அதன் நடுவே, சுரங்க ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 300 ஹெக்டேருக்கும் சற்று அதிகமான வெற்று நிலம். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 750. அந்த நிலத்தின் ஓரங்களில் 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்டலாம் என்று அரசு திட்டம் போடுகிறது. ஊர் மக்களோ கையெழுத்துத் திரட்டி, வாக்கெடுப்பு நடத்தி, அங்கே எதையும் கட்டக் கூடாது என்று சட்டமே இயற்றிவிடுகிறார்கள். 2014 மே 25 அன்று பெர்லினில் இது நடந்தது. அந்த நிலம், 2008 அக்டோபர் வரை விமானங்கள் இறங்கிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் மைதானம்.

இன்று அது பூங்கா. பூங்கா என்றதும் நம் மனதில் வரும் பூச்செடிகளோ நீரூற்றுகளோ நிழல்தரும் மரவரிசைகளோ அங்கே இல்லை. கிழக்கு மேற்காக நீளும் இரண்டு ஓடுபாதைகள், அவற்றின் மேல் இன்னும் அழியாத வெள்ளைக் கோடுகள், சுற்றிலும் புல். ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், சறுக்குகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், சக்கரப் பலகையில் நின்றபடி காற்றுப் பாயைப் பிடித்துக்கொண்டு பறக்காத குறையாகப் போகிறார்கள். பசுமையின் மீதுள்ள ஆசையால் மக்கள் அப்படி வாக்களித்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த விளக்கம் போதாது. அந்த நிலத்தின் நீண்ட கடந்தகாலம், அரசின் மீதான அவநம்பிக்கை, வாக்கெடுப்புச் சட்டத்தின் ஒரு நுணுக்கம் ஆகியவை சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே டெம்பல்ஹோஃப் வெளி பிரஷ்யப் படையின் அணிவகுப்புத் திடல். படை வராத நாட்களில் பெர்லின்வாசிகள் சாப்பாட்டுக் கூடையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த இரட்டை வாழ்க்கை அந்த நிலத்தோடு ஒட்டிப்பிறந்தது: காகிதத்தில் அரசின் சொத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊராரின் சொத்து. பறக்கும் முயற்சிகளுக்கும் அதே திடல்தான் களம். டாவிட் ஷ்வார்ஸ் வடிவமைத்த அலுமினிய வான்கப்பல், அவர் இறந்த பிறகு 1897 நவம்பரில் இங்கிருந்துதான் எழும்பியது. எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. 1909இல் ஓர்வில் ரைட் தன் விமானத்தை இங்கே பறக்கவிட்டுக் காட்டியபோது பெரும் கூட்டம் திரண்டது.

1910இல் நடந்ததை இன்றைய விவாதத்தில் அதிகம் பேர் நினைவுகூர்வதில்லை. அந்த ஆண்டு படைத்துறை, திடலின் மேற்குப் பகுதியை வீடு கட்டுவதற்காக விற்றது. திறந்த வெளியாகவே விட்டுவைக்க வேண்டும் என்று பெர்லினில் எழுந்த குரல்கள் எடுபடவில்லை. நிலம் அப்போது தனி ஊராட்சியாக இருந்த டெம்பல்ஹோஃபின் கைக்குப் போனது. இன்று அங்கே தோட்டங்களோடு கூடிய அழகான குடியிருப்புகள் இருக்கின்றன. ‘கட்டலாமா, விட்டுவைக்கலாமா’ என்ற சண்டை அந்த நிலத்துக்கு நூறாண்டுப் பழசு.

1923 அக்டோபரில் அது முறைப்படி விமான நிலையமானது. 1926இல் உருவான லுஃப்ட்ஹான்சாவின் தொடக்ககாலத் தளமும் இதுவே. 1927இல் சுரங்க ரயில் நிலையம் வந்தது. சுரங்க ரயிலில் நேராக வந்து இறங்கும் வசதி அன்று உலகில் வேறெந்த விமான நிலையத்துக்கும் கிடையாது. பிறகு வந்தது நாஜி ஆட்சி.

1933 மே 1 அன்று ஹிட்லர் இந்தத் திடலில்தான் லட்சக்கணக்கான தொழிலாளர்களைக் கூட்டி மே தினம் கொண்டாடினார். மறுநாளே நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் நாஜிக் குண்டர்கள் புகுந்தார்கள், சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. அதே ஆண்டில், திடலின் வடக்கு விளிம்பில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ராணுவச் சிறையை, நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ எடுத்துக்கொண்டது. கொலம்பியா ஹவுஸ் என்று பெயர். விரைவில் அது வதைமுகாமாக அறிவிக்கப்பட்டது. 1936இல் மூடப்படும்வரை கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், யூதர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைத்துவைத்து வதைக்கப்பட்டார்கள். பின்னாளில் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட எரிக் ஹோனெக்கரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். 1938இல் புதிய விமான நிலையத்துக்காக அந்தக் கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது. 1994இல்தான் அதற்கு எதிர்ப்புறச் சாலையோரத்தில் ஒரு நினைவுச்சின்னம் வந்தது. இவ்வளவு பெரிய நிலத்தில் அந்த வதைமுகாமுக்குக் கிடைத்த இடம் சாலையின் மறுபக்கத்து நடைபாதைதான் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

சிறையை இடித்துவிட்டு எழுப்பிய கட்டடத்தை எர்ன்ஸ்ட் ஸாகெபீல் வடிவமைத்தார். வளைந்து செல்லும் அந்த ஒரே கட்டடத்தின் நீளம் 1.2 கிலோமீட்டருக்கு மேல், பரப்பு சுமார் 3 லட்சம் சதுர மீட்டர். விமானங்கள் வந்து நிற்கும் பக்கத்தில், தூண்களே இல்லாமல் ஏறத்தாழ 40 மீட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை. விமானம் அதன் அடியில் வந்து நிற்கும். பயணி மழையில் நனையாமல் ஏறிவிடுவார். பொறியியலாகப் பார்த்தால் வியக்கவே தோன்றும். அந்தக் கூரையின் மேல் வரிசை வரிசையாக மக்களை உட்காரவைத்து, கீழே நடக்கும் வான்படைச் சாகசங்களைக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அதற்காகவே படிக்கட்டுக் கோபுரங்களும் வைத்தார்கள். அப்படி யாரும் ஒருநாளும் உட்காரவில்லை, போர் வந்துவிட்டது. முடிவடையாத அந்தக் கட்டடம் போர் விமானத் தொழிற்சாலை ஆனது. போலந்திலிருந்தும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கட்டாய உழைப்பாளர்கள் அங்கே ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களைப் பூட்டினார்கள். மைதானத்தில் போட்ட மரக்கொட்டில்களில்தான் படுத்தார்கள். அந்தக் கொட்டில்களின் அடித்தளங்களைத் தொல்லியலாளர்கள் 2012 முதல் தோண்டி எடுத்தார்கள். இன்று பிள்ளைகள் பட்டம் விடும் புல்லுக்கு அடியில்தான் அவையெல்லாம் இருந்தன.

இப்படிப்பட்ட இடத்தை ஒரு நகரம் எப்படி நேசிக்கத் தொடங்கியது? 1948 ஜூன் கடைசியில் சோவியத் படை, போருக்குப் பின் மேற்கு நாடுகளின் கையில் இருந்த மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், நீர்வழிகளை அடைத்தது. இருபது லட்சம் பேர் வாழும் நகரப்பகுதி அது. ஆகாய வழி மூன்று மட்டும் ஒப்பந்தப்படி திறந்திருந்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் அந்த வழிகளில் மாவு, உருளைக்கிழங்குத் தூள், பால்பொடி, எல்லாவற்றையும்விட அதிகமாக நிலக்கரி என்று பறந்துகொண்டே இருந்தன. 1949 மே 12 அன்று முற்றுகை நீங்கிய பிறகும் செப்டம்பர் வரை விமானங்கள் நிற்கவில்லை. மொத்தம் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பறப்புகள், சுமார் 23 லட்சம் டன் சரக்கு. கெட்டோவ், புதிதாகப் போட்ட டேகல் ஆகிய தளங்களும் பங்கெடுத்தன. ஆனால் பெர்லினின் நினைவில் நிற்பது டெம்பல்ஹோஃப்தான். காரணம், அது குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. நொய்கோல்ன் பகுதியின் மாடிவீடுகளை உரசுவதுபோல விமானங்கள் தாழ்ந்து வந்தன. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளைப் பார்த்து மனமிளகிய கெய்ல் ஹால்வோர்சன் என்ற அமெரிக்க விமானி, கைக்குட்டைகளைப் பாராசூட் ஆக்கி மிட்டாயும் சாக்லேட்டும் வீசத் தொடங்கினார். தன் விமானம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்காக இறக்கைகளை ஆட்டிக்காட்டுவார். பெர்லின்வாசிகள் அந்த விமானங்களை ‘உலர்திராட்சைக் குண்டுவீச்சு விமானங்கள்’ என்றே அழைத்தார்கள். ஹால்வோர்சன் 2022இல், 101ஆம் வயதில் காலமானார். மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் பேஸ்பால் திடலுக்கு 2019இல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நாஜிகள் கட்டிய கட்டடம், போர் முடிந்த மூன்று ஆண்டுகளில் விடுதலையின் சின்னமாக மாறிப்போனது. மேற்கு பெர்லினில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு டெம்பல்ஹோஃப் என்றால் உயிர் பிழைத்த இடம். கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர்களுக்கு அப்படிச் சொந்தமான நினைவு எதுவும் இல்லை. இந்த வேறுபாடு அறுபது ஆண்டுகள் கழித்து வாக்குப்பெட்டியில் தெரிந்தது.

ஜெட் விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போக, சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள ஓடுபாதைகள் போதவில்லை. 1975இல் பயணியர் சேவை டேகலுக்குப் போனது. பிறகு சிறு விமானங்களுக்காக டெம்பல்ஹோஃப் மீண்டும் திறந்தாலும் பழைய கூட்டம் திரும்பவில்லை. இரு ஜெர்மனிகளும் இணைந்த பின், நகருக்குள் இருக்கும் இரண்டு விமான நிலையங்களையும் மூடிவிட்டு ஷேனஃபெல்டில் ஒரே பெரிய நிலையம் அமைப்பது என்று 1996இல் முடிவானது. டெம்பல்ஹோஃபை மூடக் கூடாது என்ற கோரிக்கை 2008 ஏப்ரல் 27 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் 60 விழுக்காட்டினர் ‘மூடாதே’ என்றார்கள். ஆனாலும் தோற்றது. பெர்லின் விதிப்படி, ஆதரவு வாக்குகள் தகுதியுள்ள மொத்த வாக்காளர்களில் கால் பங்கையாவது தொட வேண்டும்; கிடைத்தது 21.7 விழுக்காடு. மேற்கில் ஆர்வத்தோடு வாக்களித்தார்கள், கிழக்கில் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. 2008 அக்டோபர் 30 நள்ளிரவுக்குச் சற்று முன், யு-52, டி.சி.-3 என்ற இரண்டு பழைய விமானங்கள் சேர்ந்து கிளம்பிப் போயின. விளக்குகள் அணைந்தன.

அடுத்து என்ன என்பதில் அரசுக்குத் தெளிவில்லை. மைதானத்தைச் சுற்றி வேலி, வேலிக்குள் வெறும் புல். 2009 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் வேலியைத் தாண்டி உள்ளே போக முயல, போலீஸ் தடுத்து நிறுத்தியது. மத்திய அரசிடமிருந்த பங்கை நகரம் விலைகொடுத்து வாங்கிய பிறகு, 2010 மே 8 அன்று கதவுகள் திறந்தன. போர் முடிந்த நாளின் அறுபத்தைந்தாம் ஆண்டு அது. சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. அதற்குமேல் பெரிதாக எதையும் செய்யவில்லை. இறைச்சி சுடுவதற்கு இடம் ஒதுக்கினார்கள், நாய்களை அவிழ்த்துவிடத் தனி இடங்களை வேலியிட்டார்கள், கழிப்பறை வைத்தார்கள். ‘இறுதித் திட்டம் வரும்வரை தற்காலிகமாக’ என்பதே அரசின் எண்ணம்.

பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அந்தத் தற்காலிக ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு. வரைபடத்தில் மட்டும் இருக்கும் ஒரு பூங்காவுக்காக யாரும் தெருவில் இறங்கிப் போராட மாட்டார்கள். கையில் கிடைத்து, பழகிப்போன ஒன்றைப் பறிப்பதாகச் சொன்னால் இறங்குவார்கள். நான்கு கோடைகாலம் மக்கள் அந்த வெளியில் நடந்தார்கள். நொய்கோல்ன் பக்கத்தில், பழைய மரப்பலகைகளையும் தொட்டிகளையும் கொண்டு அக்கம்பக்கத்தார் 2011இல் கூட்டுத் தோட்டம் போட்டார்கள். நிலத்தைத் தோண்ட அனுமதியில்லாததால் எல்லாமே தரைக்குமேல் வைத்த பாத்திகள். நொய்கோல்ன் மக்களில் பலர் துருக்கி, அரபு நாடுகள் என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். (இதே நொய்கோல்ன் மாவட்டத்தின் பிரிட்ஸ் பகுதியில்தான் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது.) நெருக்கமான அடுக்ககங்களில், முற்றமோ மொட்டைமாடியோ இல்லாமல் வாழும் குடும்பங்களுக்குத் திடீரென்று அடிவானம் தெரிய ஓர் இடம் கிடைத்தது. மைதானத்தின் வடக்கு ஓரத்தில் ஷெஹித்லிக் மசூதியும் பழைய துருக்கிய இடுகாடும் உண்டு. 1798இல் பெர்லினில் இறந்த ஆட்டோமன் தூதர் அலி அஜீஸ் எஃபெண்டிக்காக மன்னர் கொடுத்த நிலத்திலிருந்து தொடங்குகிறது அந்த இடுகாட்டின் வரலாறு. குடியேறிகளுக்கு இந்த வெளி நேற்று வந்த உறவு அல்ல.

இதற்கிடையில் அரசு தன் இறுதித் திட்டத்தோடு வந்தது. நடுவில் சுமார் 230 ஹெக்டேரை வெளியாகவே விட்டுவிட்டு, ஓரங்களில் மட்டும் குடியிருப்பு, அலுவலகம், மேயர் கிளவுஸ் வோவெரைட்டுக்கு மிகவும் பிடித்தமான மத்திய நூலகம். நூலகத்துக்கு மட்டும் மதிப்பிட்ட செலவு சுமார் 27 கோடி யூரோ. காகிதத்தில் பார்த்தால் நியாயமற்ற திட்டம் என்று சொல்ல முடியாது. நூலகம் நல்ல விஷயம், வீடு அதைவிட அவசியம். பிறகு ஏன் தோற்றது?

முதல் காரணம், திட்டத்திலேயே இருந்த ஓட்டை. 4,700 வீடுகள் என்று எண்ணிக்கை சொன்னார்கள். எளிய குடும்பம் கட்டக்கூடிய வாடகைக்கு எத்தனை என்று கேட்டபோது, ஒரு பகுதிக்கு மட்டும்தான் உறுதி கிடைத்தது. ஓரத்தில் தொடங்குவது நடுவரை வராது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இரண்டாவது காரணம் நகரின் தென்கிழக்கு எல்லைக்கு வெளியே இருந்தது. டெம்பல்ஹோஃபை மூடியதே புதிய பெர்லின் விமான நிலையத்துக்காக. அந்த நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது; சில வாரங்களுக்கு முன்பு தீப்பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். தள்ளித்தள்ளிக் கடைசியில் 2020 அக்டோபரில்தான் திறந்தார்கள். செலவு பல மடங்கு. 2014இல் வாக்களிக்கப் போனவர்களின் மனதில், ஒரு விமான நிலையத்தையே கட்டி முடிக்கத் தெரியாதவர்கள் இன்னொரு விமான நிலையத்தின் மேல் புது நகரம் கட்டித் தருகிறேன் என்கிறார்களே என்ற கேள்வி இருந்தது. அதற்கு அரசிடம் பதிலில்லை.

‘100 விழுக்காடு டெம்பல்ஹோஃபர் ஃபெல்ட்’ என்ற குடிமக்கள் அமைப்பு 2011இல் தொடங்கியது. கோரிக்கை பெயரிலேயே இருக்கிறது: முழுவதும், ஒரு துண்டு குறையாமல். வாக்கெடுப்பு நடத்தத் தேவையான சுமார் 1.74 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டித் திரட்டினார்கள். அரசு தன் பக்கத்திலிருந்து ஒரு மாற்று மசோதாவையும் அதே வாக்குச்சீட்டில் வைத்தது. முடிவு: குடிமக்கள் மசோதாவுக்கு 64.3 விழுக்காடு ஆதரவு. அரசின் மசோதாவுக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. இம்முறை கால் பங்கு நிபந்தனையும் நிறைவேறியது. தகுதியுள்ளவர்களில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டினர், அதாவது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர், ‘ஆம்’ என்றார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாளன்றே வாக்கெடுப்பும் நடந்தது இதற்குப் பேருதவி. 2008இல் தனி நாளில் நடந்தபோது வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், இப்போது எப்படியும் வாக்குச்சாவடிக்கு வந்திருந்தார்கள்.

அதைவிட முக்கியமான ஒரு வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை. பெர்லினில் மக்கள் வாக்கெடுப்பு இரண்டு விதமாக நடக்கலாம். அரசே, இதைச் செய் என்று கோரும் தீர்மானம் ஒன்று. வரிக்கு வரி எழுதப்பட்ட சட்ட மசோதா இன்னொன்று. தீர்மானம் வென்றாலும் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மசோதா வென்றால் அதுவே சட்டம், சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்குச் சமம். 2008இல் வந்தது தீர்மானம். வென்றிருந்தாலும் விமான நிலையத்தை மூடியே தீருவேன் என்று அரசு சொல்லியிருந்தது. 2017இல் டேகல் விமான நிலையத்தை மூடக் கூடாது என்ற வாக்கெடுப்பு பெரும்பான்மையோடு வென்றது. அதுவும் தீர்மானம்தான், டேகலையும் மூடிவிட்டார்கள். 2021இல் பெரிய வீட்டுவசதி நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கச் சொல்லி 59 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். தீர்மானம், எனவே இழுபறி. டெம்பல்ஹோஃப்காரர்கள் தங்கள் கோரிக்கையைச் சட்டமாக எழுதி எடுத்துப்போனார்கள். 2014 ஜூன் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தது. எங்கே என்ன செய்யலாம், எங்கே எதுவும் செய்யக் கூடாது என்று பரப்பைப் பிரித்து வரையறுத்திருக்கும் அந்தச் சட்டம்தான் இன்றுவரை காவல். ஆர்ப்பாட்டத்தைவிட, வாக்குச் சதவீதத்தைவிட, அந்த வரைவைப் பொறுமையாக எழுதியவர்களின் உழைப்புதான் நிலத்தைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

சட்டம் காப்பதில் வானம்பாடிகளும் அடக்கம். மைதானத்தின் நடுப்புல்வெளி வசந்தத்திலும் கோடையிலும் மனிதர்களுக்கு மூடியிருக்கும். தரையில் கூடுகட்டும் வானம்பாடிகள் அப்போது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. ஐரோப்பாவின் விளைநிலங்களில் இந்தப் பறவை வேகமாகக் குறைந்துகொண்டிருக்க, ஒரு மாநகரத்தின் நடுவில் இவ்வளவு வானம்பாடிகள் இருப்பதற்கு விமான நிலையமே காரணம். விமானத்துக்கு இடைஞ்சல் என்று மரம் வளரவிடவில்லை. உரம் போடவில்லை, உழவில்லை. சத்தில்லாத மணற்பாங்கான மண்ணில் வறண்ட நிலத்துக்கேற்ற புல்வகைகள் பல பத்தாண்டுகள் தொந்தரவின்றி வளர்ந்தன. மரத்தின் மேல் உட்காரும் வேட்டைப் பறவைகளுக்கு அஞ்சி, உயரமான எதற்கும் பக்கத்தில் வானம்பாடி கூடு கட்டாது. ஆகவே ஓரத்தில் மட்டும்தானே கட்டுகிறோம் என்ற வாதம் அந்தப் பறவையிடம் செல்லாது. ஓரத்தில் ஆறு மாடி எழுந்தால் அதன் வாழிடம் உள்நோக்கிச் சுருங்கும்.

வெயிலின் கணக்கும் உண்டு. கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்கும். புல்வெளி சூரியன் மறைந்ததுமே குளிரத் தொடங்கிவிடும். அங்கே உருவாகும் குளிர்ந்த காற்று, தடுப்பு இல்லாவிட்டால், பக்கத்திலிருக்கும் நெருக்கமான தெருக்களுக்குள் நுழைகிறது. அந்தக் காற்று வரும் வழியில் கட்டட வரிசை எழுந்தால் என்ன ஆகும் என்பதைப் புழுக்கமான ஊர்களில் வாழும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோடை வெப்பம் கூடிக்கொண்டே போகும் பெர்லினில் 2014ஐவிட இன்று இந்த வாதத்துக்கு வலு அதிகம்.

மக்கள் இயற்றிய சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. 2015 இலையுதிர்காலத்தில் சிரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அகதிகள் வந்தபோது, விமானங்கள் நின்ற பிரம்மாண்டமான கொட்டகைகளைத் தங்குமிடங்களாக்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், தடுப்புப் பலகைகளுக்கு இடையில், கூரையற்ற அறைகளில் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். தனிமை கிடையாது, ஓசை ஓயாது. 2016 ஜனவரியில் மைதானத்தின் ஓரங்களிலும் தற்காலிகக் குடியிருப்பு அமைக்க வசதியாகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இதைச் சாக்காக வைத்துப் பின்கதவு வழியாகக் கட்டடம் நுழையும் என்று அமைப்பினர் எதிர்த்தார்கள். அகதிகளை எதிர்க்கிறார்கள் என்று அவர்கள்மேல் பழி விழுந்தது. அந்த நாட்களின் மனக்கசப்பு இன்னும் தீரவில்லை. ஓரத்தில் அமைத்த கொள்கலன் வீடுகள் பின்னர் அகற்றப்பட்டன. தற்காலிகம் என்று சொன்னதை அப்போது காப்பாற்றினார்கள் என்பதையும் பதிவுசெய்வதுதான் நேர்மை.

கட்டடத்தின் கதை தனி. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் இடிக்க முடியாது, அளவோ மலைக்கவைக்கும். நகரப் போலீஸ் அதில் பெரிய வாடகைதாரர். பிற பகுதிகளில் கண்காட்சிகள், இசை நிகழ்ச்சிகள், சில ஆண்டுகளில் வெளித்தளத்தில் மின்சாரக் கார்ப் பந்தயம். பல பகுதிகள் காலியாகவே கிடக்கின்றன. சீரமைப்புக்கு வேண்டிய பணம் மிக அதிகம் என்பதால் வேலை துண்டு துண்டாகவே நகர்கிறது. வெளியைக் கட்டடமாக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், ஏற்கெனவே எழும்பி நிற்கும் 3 லட்சம் சதுர மீட்டரை முதலில் நிரப்புங்கள் என்று எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் வீட்டுப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. பூங்கா திறந்ததால் முதலில் அடிபட்டவர்களில் பூங்காவை அதிகம் நேசித்தவர்களும் உண்டு. விமான இரைச்சல் இருந்தவரை, நொய்கோல்னின் ஷில்லர்கீட்ஸ் தெருக்களில் வாடகை மலிவு. அதனால்தான் குடியேறிகளும் எளியவர்களும் அங்கே சேர்ந்தார்கள். இரைச்சல் நின்று, வாசலில் மாபெரும் பூங்காவும் வந்ததும் வாடகை ஏறியது. பழைய குடும்பங்களில் பல வெளியேற நேர்ந்தது. காலி நிலம் யாருக்கும் தீங்கு செய்யாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களை வெளியே தள்ளியது புல்வெளி அல்ல, வாடகையைக் கட்டுப்படுத்தாத சந்தை. ஓரத்தில் சில ஆயிரம் வீடுகள் வந்தாலும், அவை எந்த வாடகைக்கு, யாருக்கு என்ற கேள்வி 2014இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருமுறை கட்டினால் அந்த வெளி திரும்பி வராது என்பதையும் கணக்கில் சேர்த்தால், முதலில் மற்ற இடங்களைத் தேடுவதே சரியென்று எனக்குப் படுகிறது. பெர்லினில் அனுமதி கிடைத்தும் கட்டாமல் கிடக்கும் வீட்டுத் திட்டங்கள் ஏராளம்.

2023இல் பதவிக்கு வந்த காய் வேக்னர் தலைமையிலான கூட்டணி, ஓரங்களில் கட்டும் பேச்சை மறுபடி எடுத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்களைக் கூட்டி 2024இல் கலந்துரையாடல் நடத்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்குச் சம்மதிக்கவில்லை. அதன் பிறகும் வடிவமைப்பாளர்களிடம் யோசனைகள் கேட்டுப் போட்டி நடந்தது. சட்ட நிலை இதுதான்: மக்கள் இயற்றிய சட்டத்துக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் பெர்லின் அரசியல் சாசனத்தில் இல்லை. சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் அதை மாற்றலாம். 2016இல் மாற்றியும் இருக்கிறது. இதுவரை தடுத்திருப்பது, ஏழு லட்சம் பேர் வாக்களித்து வந்த ஒன்றை அவர்களைக் கேட்காமல் மாற்றினால் அடுத்த தேர்தலில் என்ன ஆகுமோ என்ற அச்சம்தான். அதனால் ஒவ்வொரு புதிய அரசு அமையும்போதும் அந்த அமைப்பினர் கூட்டணி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கிறார்கள். மைதானத்தைப் பற்றிய பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதில் ‘ஓரம்’ என்ற சொல் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.